ரூபாயை உருக்கிச் செய்த சாமிகள்

சேர்வராயன் மலைக்கு ஏற இன்று இரண்டு பாதைகள். சேலத்திலிருந்து நேரே ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுப் பாதை ஒன்று. அயோத்தியாப்பட்டணம் தாண்டி குப்பனூரில் தொடங்கி, கொட்டச்சேடு வழியாக ஏற்காடு போவது இன்னொன்று. சென்ற வாரம் இந்த இரண்டாவது பாதையில் ஏறி, 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடி வரைக்கும் வந்தோம். காப்பி மலையை விட்டு இறங்கியது. அதற்கு விலையாக மலைக்கு ஏறியது ரூபாய். அந்த ரூபாய் இன்றைய ரூபாய் அல்ல, நிஜமான வெள்ளி. இந்த வாரம் அந்த வெள்ளியின் பின்னால் போவோம்.

தமிழ்நாட்டில் சொல்லிக்கொள்ளும்படி வெள்ளிச் சுரங்கம் எதுவும் இல்லை. நம் ஊருக்கு வெள்ளி எப்போதும் வெளியிலிருந்து, பெரும்பாலும் காசாகத்தான் வந்திருக்கிறது. கோயம்புத்தூர் அருகே வெள்ளலூரில் 1842-ல் ஒரு குடம் நிறைய ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. சேலம் மாவட்டத்துக் கோனேரிப்பட்டியில் 1987-ல் இன்னொரு புதையல். மிளகும் கல்மணியும் மேற்கே போக, வெள்ளி கிழக்கே வந்த காலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகு இருந்த இடத்தில் காப்பி. மற்றபடி கணக்கு பழையதுதான்.

1835-ல் கம்பெனி அரசாங்கம் ஒரே மாதிரியான ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 180 கிரெயின், அதாவது ஏறக்குறைய 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு தோலா என்பதும் அதே எடைதான். இதனால் தட்டாருக்கும் வாடிக்கையாளருக்கும் ஒரு பெரிய வசதி ஏற்பட்டது. வீட்டில் ஒரு செம்பு செய்ய வேண்டுமா? நாற்பது ரூபாயை முடிந்துகொண்டு ஆசாரியிடம் போனால் போதும். கொடுத்த காசு உலையில் உருகி, அதே நாற்பது ரூபாய் எடையில் செம்பாகத் திரும்பி வரும். சேதாரமும் கூலியும் தனி. தேவைப்பட்டால் அந்தச் செம்பு மறுபடி காசாகும். நகை, பாத்திரம், நாணயம் மூன்றும் ஒரே உலோகத்தின் மூன்று வேஷங்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வெள்ளிக் கலைஞனுக்கு எமனாக வந்ததும் இந்த வசதிதான். எந்த நேரமும் காசாக்கக்கூடிய ஒரு பொருளை யாரும் கலைப்பொருளாகப் பார்ப்பதில்லை. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடை போட்டுக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுகளாக அந்த எடைக்கணக்கு நிற்கிறது. பாத்திரங்கள் இல்லை. கல்வெட்டு எழுதியவர்கள் எடையைச் சொன்ன அக்கறையில் பாதியை, செய்தவன் பெயருக்கும் காட்டியிருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

எடைக்கு மேலாக வேலைக்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் கூட்டம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்து சேர்ந்தது: வெள்ளைக்காரர்கள். ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர் பீட்டர் ஓர், மெட்ராஸில் 1849-ல் தொடங்கிய பி.ஓர் அண்ட் சன்ஸ் கடை கடிகாரத்தோடு வெள்ளிப் பொருள்களையும் விற்றது. மவுண்ட் ரோட்டில் இன்றும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். அவர்கள் பெயர் வாங்கியது ‘சுவாமி வேலை’ எனப்பட்ட பாணியில். பொருள் என்னவோ தேநீர்க் கெண்டி, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம், விசிட்டிங் கார்டு டப்பி. ஆனால் அதன் மேல் மாடம் மாடமாகச் சிவனும் விஷ்ணுவும் அம்மனும் புடைத்து நிற்பார்கள். பிடிக்குப் பதிலாகப் பாம்பு படமெடுத்திருப்பதும் உண்டு. கோபுரத்துச் சுதைகளைப் பார்த்து வளர்ந்த கைகளுக்குத் தேநீர்க் கெண்டியும் ஒரு கோபுரம்தான்.

செய்முறையைச் சொன்னால்தான் அந்தக் கைகளின் பெருமை புரியும். 961 டிகிரியில் உருகும் வெள்ளியை வார்த்து, தட்டித் தட்டித் தகடாக்குவார்கள். தட்டத் தட்ட வெள்ளி விறைத்துக்கொள்ளும். அப்படியே தொடர்ந்தால் விரிசல் விடும். ஆகவே நடுநடுவே நெருப்பில் காட்டி மங்கலான சிவப்பு வந்ததும் ஆறவிட்டு இளக்க வேண்டும். பிறகு குங்கிலியம், செங்கல் தூள், எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய அரக்கின் மேல் தகட்டைப் பதிப்பார்கள். அரக்கு தகட்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும். அடி விழும் இடத்தில் மட்டும் இடம்கொடுக்கும். முதலில் தகட்டின் பின்புறத்திலிருந்து தட்டி உருவத்தின் வயிற்றையும் மார்பையும் மேலே எழுப்புவது. அப்புறம் சூடு காட்டிக் கழற்றி, திருப்பிப் பதித்து, முன்புறத்தில் சிற்றுளிகளால் கண், மூக்கு, ஆபரணம், ஆடை மடிப்பு என்று இறக்குவது. நகாசு வேலை என்பது இதுதான். கோயிலில் சுவாமிக்குச் சாத்தும் வெள்ளிக் கவசமும் இதே முறையில்தான் வருகிறது. துண்டுகளை இணைக்க வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் கலந்த பற்றாசு. அது வெள்ளிக்கு முன்பே உருகிவிடும். வெண்காரம் தூவி, ஊதுகுழலால் தீயை ஒரே புள்ளியில் செலுத்த வேண்டும். ஒரு நொடி கூடுதலாக ஊதினால் பல நாள் வேலை குழம்பாகிவிடும். கடைசியில் பூந்திக்கொட்டை நீரில் தேய்த்து மெருகு.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் மெட்ராஸுக்கு வந்தார். அந்தப் பயணத்தில் அவருக்குச் சேர்ந்த பரிசுகளில் பி.ஓர் கடையின் சுவாமி வேலைத் தேநீர்ச் செட்டும் ஒன்று. பரிசுகளெல்லாம் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டு, 1878-ல் பாரிஸ் பொருட்காட்சிக்கும் போயின. ஐரோப்பா வியந்தது.

அதே காலத்தில், 1876 முதல் 1878 வரை, இங்கே தாது வருஷப் பஞ்சம். மெட்ராஸ் மாகாணத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. கொலுசு, தண்டை, அரைஞாண் என்று வீட்டிலிருந்த வெள்ளியெல்லாம் கம்பு, சோளம் வாங்க விற்கப்பட்டது. விற்ற நகைகள் மூட்டை மூட்டையாகப் பம்பாய் நாணயச் சாலை உலைக்குப் போய் ரூபாயாக மாறின. ரூபாயை உருக்கிச் சாமி செய்த காலமும், நகையை உருக்கி ரூபாய் செய்த காலமும் ஒன்றே. நம் கலை வரலாற்று நூல்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கின்றன.

இந்தியக் கைவினைகளைத் தொகுத்து 1880-ல் நூல் எழுதிய ஜார்ஜ் பேர்ட்வுட், ஐரோப்பிய வடிவங்கள் புகுந்து இந்திய வேலையைக் கெடுப்பதாக வருந்தினார். தேநீர்க் கெண்டியில் தசாவதாரம் என்பது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் எடைக்கு மேல் கூலி கொடுத்தவன் அந்தக் கெண்டிக்காரன்தான் என்பதை மறக்க முடியவில்லை. அந்தச் சந்தைக்கும் தடை இருந்தது: இந்திய வெள்ளிச் சாமான் பிரிட்டனுக்குள் போனால் அவுன்சுக்கு ஒன்றரை ஷில்லிங் வரி; அதை 1890-ல்தான் நீக்கினார்கள். 1893-ல் ரூபாய்க்கும் வெள்ளிக்குமான கதவு மூடப்பட்டது: வெள்ளியைக் கொடுத்து நாணயம் அடித்து வாங்கும் உரிமை போயிற்று. அதன் பிறகு காசின் மதிப்பு வேறு, உலோகத்தின் மதிப்பு வேறு. 1940-ல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது; 1947-ல் நிக்கல் வந்தது.

சேலத்தில் வெள்ளி வேலை நிலைத்தது மேசைச் சாமானால் அல்ல, கொலுசால். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு, மணியனூர் பக்கங்களில் வீடே பட்டறை. கம்பி இழுக்க ஒருவர், வளையம் கோக்க ஒருவர், பொடி வைத்து ஊத ஒருவர், சலங்கை வைக்க ஒருவர், மெருகுக்கு இன்னொருவர். ஒரே கொலுசு பல வீட்டு வாசல் ஏறி இறங்கும். வியாபாரி கட்டி வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார். கொலுசை நிறுத்து வாங்குவார். எத்தனை ‘டச்’ (வெள்ளியின் சுத்தம்), சேதாரம் எவ்வளவு, கிலோவுக்குக் கூலி எவ்வளவு என்பதுதான் பேச்சு. தரையைக் கூட்டிய தூசியைக்கூட வீசமாட்டார்கள். கழுவி வெள்ளி எடுப்பார்கள். ராஜஸ்தான், மகாராஷ்டிரம் வரை இந்தக் கொலுசு போகிறது. போகிற இடத்தில் அதைச் சேலத்துக் கொலுசு என்பார்கள். ஊதியவர் பெயர் இன்றும் கிடையாது.

2024-ல் வெள்ளி கிலோ ஒரு லட்ச ரூபாயைத் தொட்டது, பிறகும் ஏறியது. விலை ஏறினால் பட்டறைக்கு நல்லது என்று நினைக்கலாம். நடப்பது நேர்மாறு. கூலி எடைக்குக் கட்டுப்பட்டது. விலை ஏறினால் ஜனங்கள் எடையைக் குறைக்கிறார்கள். எடை குறைந்தால் கூலியும் குறைகிறது. கூடவே பழைய வெள்ளி பரண்களிலிருந்து இறங்கிக் கடைக்குப் போகிறது. அங்கே பற்றாசுக்கும் அழுக்குக்கும் கழித்து, உலோகத்துக்கு மட்டும் விலை போடுவார்கள். நகாசுக்கு ஒரு ரூபாய் கூடக் கிடைக்காது.

உங்கள் வீட்டிலும் பாட்டி காலத்துச் சந்தனப் பேலாவோ பன்னீர்ச் செம்போ குங்குமச் சிமிழோ இருக்கலாம். மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் தடுக்க மாட்டேன்; அவரவர் தேவை அவரவருக்கு. அதற்கு முன் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பெயரோ முத்திரையோ ஊரோ இருந்தால் படம் எடுத்து, எடையும் குறித்து, யார் செய்தது என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தால் அதையும் எழுதி இந்த இதழுக்கு அனுப்பி வையுங்கள்.