சிறைப் பாதுகாப்புத் தணிக்கை: மதில்களை மட்டும் அளந்தால் போதுமா?

சிறைப் பாதுகாப்பு என்றதும் உயர்ந்த மதில், கண்காணிப்புக் கோபுரம், துப்பாக்கி ஏந்திய காவலர் ஆகியவைதான் நினைவுக்கு வருகின்றன. உள்ளே இருப்பவர் தப்பிவிடக் கூடாது என்பதே அதன் பொருளாகக் கொள்ளப்படுகிறது. உள்ளே போனவர் உயிரோடு திரும்பி வர வேண்டும் என்பது அதன் மறுபாதி. இந்த மறுபாதியை யாரும் முறையாகச் சோதிப்பதில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியாவின் 1,330 சிறைகளில் 4,36,266 பேருக்கே இடம் உண்டு. அடைக்கப்பட்டிருந்தவர்கள் 5,73,220 பேர். இவர்களில் நான்கில் மூன்று பங்கினர் குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள். அந்த ஓராண்டில் 1,995 சிறைவாசிகள் இறந்தனர். 159 மரணங்கள் இயற்கைக்கு மாறானவை. அவற்றில் 119 தற்கொலைகள்.

தணிக்கை என்றால் என்ன?

விதிப்புத்தகத்தில் எழுதியிருப்பதும் அன்றாடம் நடப்பதும் ஒன்றுதானா என்று வெளியாட்கள் வந்து ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்புத் தணிக்கை. சாவிகள் யாரிடம் இருக்கின்றன, இரவில் எத்தனை காவலர்கள் உண்மையில் பணியில் இருக்கிறார்கள், கேமரா பதிவாகிறதா, அதை யாராவது பார்க்கிறார்களா, பகை உள்ளவர்கள் ஒரே தொகுதியில் அடைக்கப்பட்டிருக்கிறார்களா, நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் கதவு திறக்க எவ்வளவு நேரமாகும் போன்ற கேள்விகளுக்கு அது விடை தேடும்.

இவை கேட்கப்படாததன் விலையை நாம் பார்த்திருக்கிறோம். 2012 ஜூனில் புனே எரவாடா சிறையில், ‘அண்டா’ எனப்படும் உயர்பாதுகாப்புத் தொகுதிக்குள்ளேயே கத்தீல் சித்தீக்கி என்ற விசாரணைக் கைதி கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். 2016 அக்டோபர் 31 அதிகாலை போபால் மத்திய சிறையிலிருந்து எட்டு விசாரணைக் கைதிகள் தப்பியதாக அறிவிக்கப்பட்டது. தலைமைக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டிருந்தார். சில மணி நேரத்தில் எட்டுப் பேரும் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த என்கவுன்டர் பற்றிய கேள்விகள் ஒருபுறமிருக்க, சிறைக்குள் பூட்டும் கேமராவும் காவலும் எந்த நிலையில் இருந்தன என்பது தனிக் கேள்வி.

2023 மே 2 அன்று தில்லி திகார் சிறையில் தில்லு தாஜ்பூரியா குத்திக் கொல்லப்பட்டபோது கேமராக்கள் வேலை செய்தன. காவலர்கள் சூழ நிற்கும்போதே அவர் மீண்டும் தாக்கப்படுவது அதில் பதிவானது. அங்கே பணியில் இருந்த தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் ஏழு பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். கருவி இருந்தது, தடுக்க யாரும் முன்வரவில்லை.

பணம் எங்கே போகிறது?

சிறைகளை நவீனப்படுத்த 2021-26 காலத்துக்கு 950 கோடி ரூபாய் திட்டத்தை ஒன்றிய உள்துறை அறிவித்தது. ஸ்கேனர், மெட்டல் டிடெக்டர், ஜாமர், காணொலி வசதி போன்றவை அதன் முக்கிய நோக்கங்கள். இவை தேவையே. ஆனால் வாங்கிய கருவி பயன்படுகிறதா என்று பார்க்கவும் பணம் ஒதுக்க வேண்டும். தணிக்கைக்குத் தனி நிதி இல்லாவிட்டால், சிறை அதிகாரியே தன் சிறைக்குச் சான்று எழுதிக்கொள்ளும் நிலைதான் வரும்.

இதில் அமெரிக்க அனுபவம் கவனிக்கத்தக்கது. சிறைப் பாலியல் வன்முறையை ஒழிக்க 2003இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 2012இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி ஒவ்வொரு சிறையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்யப்பட வேண்டும். சிறைவாசிகள் தணிக்கையாளருக்கு ரகசியமாகக் கடிதம் எழுதலாம். அறிக்கையை வெளியிட்டாக வேண்டும். விதிகளைப் பின்பற்றாத மாநிலம் குறிப்பிட்ட நிதியுதவிகளில் 5 சதவீதத்தை இழக்கும்; அல்லது அதைக் குறைகளைச் சரிசெய்யவே செலவிட வேண்டும்.

இதிலும் ஓட்டை உண்டு. தணிக்கையாளருக்குக் கூலி கொடுப்பது பெரும்பாலும் தணிக்கைக்கு உள்ளாகும் துறையே. கலிஃபோர்னியாவின் டப்ளின் பெண்கள் சிறை தணிக்கையில் தேறியிருந்தது. ஆனால் அதன் தலைமை அதிகாரியே சிறைவாசிகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதாக 2022 டிசம்பரில் தண்டிக்கப்பட்டார். 2024இல் அந்தச் சிறை மூடப்பட்டது.

நமக்கு வேண்டியது

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. தணிக்கைக்கான பணம் சிறைத்துறையின் கையிலிருந்து வரக் கூடாது. மனித உரிமை ஆணையம் அல்லது உயர் நீதிமன்றம் வழியாக வர வேண்டும். வருகை முன்னறிவிப்பின்றியும் இருக்க வேண்டும். தணிக்கையாளர் சிறைவாசிகளிடம் தனியாகப் பேச வேண்டும். அப்படிப் பேசியவர் பின்னர் பழிவாங்கப்படாமல் காக்கப்பட வேண்டும். அறிக்கை பொதுவில் வைக்கப்பட வேண்டும். மதிலின் பலவீனங்களைக் காட்டும் பகுதியை மட்டும் மறைத்தால் போதும்.

அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. எல்லாச் சிறைகளிலும் இரண்டாண்டுக்குள் கேமரா பொருத்த வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறைகளைப் பார்வையிடும் அதிகாரத்தை 1993ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆணையங்களுக்கு வழங்குகிறது. சிறைகள் மாநிலப் பட்டியலில் இருப்பதால் நிதி ஒதுக்கி இதைத் தொடங்க மாநில அரசுகளால் முடியும்.

உள்ளே உறவுகளைக் கொண்ட குடும்பங்களும் காத்திருக்க வேண்டியதில்லை. அச்சுறுத்தல் இருப்பதாகத் தெரிந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் எழுத்து மூலம் புகார் தந்து அதன் நகலை வைத்திருங்கள். சிறைக் கேமராக்களில் எத்தனை இயங்குகின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நீதிமன்றம் ஒருவரைக் காவலில் வைக்க உத்தரவிடும் கணத்தில் அவருடைய உயிருக்கு அரசு பொறுப்பாளியாகிறது. அந்தப் பொறுப்பு நிறைவேறுகிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.