பூவரசா, அரசா, நீர்ப்பருத்தியா? - ஒரு கொல்லை மரத்தின் பெயர் வரலாறு

எங்கள் தேங்காய்த்திட்டுப் பக்கம் வீட்டுக் கொல்லையில் என்னென்ன மரம் நிற்கிறது என்று கேட்டால் தென்னை, முருங்கை, வேம்பு வரைக்கும் எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் போனால் தடுமாற்றம்தான். அதிலும் இதய வடிவ இலையோடு ஒரு கன்று சுவர் ஓரமாக முளைத்துவிட்டால் போதும், "அரசங்கன்று, விட்டா சுவத்தைப் பொளந்துடும், வீட்ல வைக்கவும் கூடாது" என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அரசு சுவரைப் பிளக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப் பிடுங்கி எறிந்தவற்றில் பூவரசங்கன்றுகளும் போய்க்கொண்டிருக்கின்றன. உப்பு மண்ணைத் தாங்கி, கடற்காற்றைத் தாங்கி வளரக்கூடிய ஒரு நல்ல மரத்தை, வேறு மரம் என்று நினைத்து இழக்கிறோம்!

இந்தக் குழப்பம் நம் தலைமுறையில் வந்தது இல்லை. பூவரசின் பெயர் வரலாற்றைத் தேடிப் போனால், இந்த மரத்தைப் பார்த்த ஒவ்வொருவரும் தாங்கள் முன்பே அறிந்த ஏதோ ஒரு மரத்தோடு ஒப்பிட்டுத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

முதலில் நம் பெயர். பூவரசு என்றால் பூக்களின் அரசன் என்று பொருள் சொல்வார்கள். 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியும் அப்படித்தான் சொல்கிறது. எனக்கென்னவோ வேறு மாதிரி தோன்றுகிறது. அரச மரத்தின் பூ வெளியே தெரியாது. ஆல், அத்தி போல அதுவும் அத்தி இனம், பூவெல்லாம் காய்க்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதே போன்ற இலையோடு, கண்ணுக்குத் தெரியும்படி மஞ்சளாகப் பூக்கிற மரம் ஒன்று இருந்தால் அதைப் "பூக்கிற அரசு" என்று சொல்வதுதானே இயல்பு? அப்படியானால் அரசோடு குழப்பிக்கொள்ளாதே என்ற எச்சரிக்கை பெயரிலேயே இருக்கிறது.

மலையாளத்தில் பெயர் வேறு. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், உள்ளூர் வைத்தியர்களின் உதவியோடு மலபார் தாவரங்களைத் தொகுத்து 12 தொகுதிகள் கொண்ட ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்ற நூலை 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். அதில் ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதனின் பங்கு பெரியது. முதல் தொகுதியிலேயே பூவரசு வந்துவிடுகிறது, ஆனால் பூப்பருத்தி என்ற பொருளில் "பூபரித்தி" என்ற பெயரில். அதற்கு அடுத்த படமாக நீர்ப்பருத்தி (அதில் "தலிபரித்தி"). இரண்டுமே பருத்தி! இலையைப் பார்க்காமல் பூவைப் பார்த்து வைத்த பெயர்கள் இவை. பருத்திப் பூவையும் பூவரசம்பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே குடும்பம் என்பது உடனே தெரியும். இன்றைய தாவரவியலும் பருத்தி, செம்பருத்தி, பூவரசு எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறது.

1753-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் இரு மரங்களுக்கும் லத்தீன் பெயர் வைத்தார். அவர் இந்தியாவுக்கே வந்ததில்லை. இரண்டையும் செம்பருத்தியின் பேரினமான ஹிபிஸ்கஸில் சேர்த்தது பூவை வைத்து. ஆனால் அடைமொழி இலையை வைத்து: பூவரசுக்கு "பாப்புல்னியஸ்", அதாவது ஐரோப்பாவின் பாப்ளர் மரம் போன்ற இலை உடையது, நீர்ப்பருத்திக்கு "டிலியாசியஸ்", அதாவது அங்குள்ள லிண்டன் மரம் போன்ற இலை உடையது. நமக்கு அரசு ஞாபகம் வந்த இடத்தில் அவருக்கு பாப்ளர் ஞாபகம் வந்திருக்கிறது. (வேடிக்கை என்னவென்றால் அரசு, பாப்ளர் இரண்டுமே லேசான காற்றுக்கும் இலை சலசலக்கும் மரங்கள்.)

தங்கள் ஊர் மரத்துக்கும் அவர்கள் இப்படித்தான் செய்தார்கள். ஐரோப்பாவின் ஒரு மேப்பிள் மரத்துக்கு லின்னேயஸ் வைத்த பெயரின் பொருள் "பொய்ப் பிளேன் மரம்". இன்னொரு மேப்பிளுக்கு "பிளேன் மரம் போன்றது". கை விரித்தது போன்ற இலையைப் பார்த்து மேப்பிளையும் பிளேனையும் இன்றும் குழப்பிக்கொள்கிறார்கள். மேப்பிளில் இலைகள் எதிரெதிராக இருக்கும், காய்க்கு இறக்கை இருக்கும். பிளேனில் இலைகள் மாறி மாறி இருக்கும், காய் உருண்டையாகத் தொங்கும். அங்கேயும் இலையை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்.

பூவரசின் கதை இத்தோடு முடியவில்லை. கேப்டன் குக்கின் கப்பலில் 1769-ல் தாஹிட்டி தீவுக்குப் போன சொலாண்டர் அங்கே கோயில் இடங்களில் இதே மரத்தைப் பார்த்தார். "தெய்வீகமானது" என்ற பொருளில் அவர் வைத்த தெஸ்பீசியா என்ற பெயர் 1807-ல்தான் அச்சானது. இன்றைய பெயர் தெஸ்பீசியா பாப்புல்னியா: தாஹிட்டிக் கோயிலும் ஐரோப்பிய பாப்ளரும் ஒரே பெயரில்! ஆங்கிலத்தில் இதைப் போர்ஷியா மரம் என்பார்கள். ஷேக்ஸ்பியரின் போர்ஷியாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, நம் பூவரசுதான் ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆகிவிட்டது.

சரி, கொல்லையில் நிற்பது எது? இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வந்து, இலை நுனி வால் போல நீண்டிருந்தால் அரசு. பால் வராமல் நுனி குட்டையாக இருந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெளுத்து, மென்மையான ரோமம் படர்ந்திருந்தால் நீர்ப்பருத்தி. வழவழப்பாக இருந்தால் பூவரசு. வளர்ந்த மரமானால் காயைப் பார்ப்பதுதான் நல்லது. நீர்ப்பருத்திக் காய் முற்றினால் ஐந்தாக வெடிக்கும். பூவரசங்காய் வெடிக்காமல் அப்படியே காய்ந்து கருத்து மரத்திலேயே நிற்கும், பச்சைக் காயைக் கீறினால் மஞ்சள் நிறத்தில் பிசின் வரும். பூவைக் கொண்டு முடிவு செய்வது கொஞ்சம் கஷ்டம், காலையில் மஞ்சளாக இருந்து மாலையில் சிவப்பது இரண்டுக்கும் பொதுவான குணம்.

மரம் வாங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பூவரசின் வைரம் கருஞ்சிவப்பாக, உறுதியாக இருக்கும், வண்டிக்கும் மேசை நாற்காலிக்கும் ஆகும். நீர்ப்பருத்தி லேசான மரம், அதில் விசேஷம் பட்டையிலிருந்து எடுக்கும் நார்தான்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரியில் ஏராளமான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. காலியான கொல்லைகளில் மறுபடி மரம் வைக்க நினைப்பவர்கள் பூவரசுக்கு நர்சரி தேடி அலைய வேண்டியதில்லை. மழைக்கு முன்னால் ஒரு நல்ல போத்தை வெட்டி ஊன்றினாலே துளிர்த்துவிடும். சுவர் ஓரத்தில் தானாக முளைத்த கன்று ஏற்கெனவே இருந்தால், பிடுங்குவதற்கு முன்னால் ஒரு இலையை மட்டும் கிள்ளிப் பாருங்கள்.