சொல்லடைவும் நம் வரலாறும்

ஒரு சமூகத்தின் வரலாறு ஏடுகளில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. வேண்டியபோது அதனைக் கண்டெடுக்க வழியும் இருத்தல் வேண்டும். கண்டெடுக்க இயலாத ஏடு எழுதப்படாத ஏட்டிற்கு ஒப்பானதேயாகும். ஆதலின், ஏடுகளுள் சொல்லைத் தேடும் கலை எவ்வாறு வளர்ந்தது என்பதையும், அதில் தமிழர்க்குள்ள பங்கு யாது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நூலைத் திறப்போர்க்குப் பக்கம் முன்னே நிற்கும். சொல் பக்கத்தினுள் கிடக்கும். இம்முறையைத் தலைகீழாக்கிச் சொல்லை முன்னே நிறுத்தி, அது வரும் பக்கங்களையெல்லாம் அதன் எதிரே எழுதுவதே சொல்லடைவு. ஏறத்தாழ 1230-ஆம் ஆண்டில், பாரிஸ் நகரில் ஹியூ என்னும் கிறிஸ்தவத் துறவியின் தலைமையில் விவிலிய நூலுக்கு இத்தகைய அடைவு தொகுக்கப்பட்டது. 1949-இல் ரொபர்ட்டோ பூசா என்னும் இத்தாலியப் பாதிரியார், தாமஸ் அக்குவினாசின் நூல்களுக்குச் சொல்லடைவு காண ஐ.பி.எம். நிறுவனத்தின் இயந்திரங்களைத் துணைக்கொண்டார். அப்பணி முப்பது ஆண்டுகள் நீடித்தது.

தமிழிலும் இம்முயற்சி நடவாமல் இல்லை. 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ. வே. சாமிநாத ஐயர், தம் பதிப்புகளில் அரும்பத அகராதியைச் சேர்க்கும் வழக்கத்தை வளர்த்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை தமிழ் லெக்சிகனை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. 1966-இல் அப்பல்கலைக்கழகமே, பல்லவர்க்கு முற்பட்ட இலக்கியங்களில் காணும் வரலாற்றுச் செய்திகளுக்கு ந. சுப்பிரமணியன் தொகுத்த அடைவை வெளியிட்டது. இவையெல்லாம் சீட்டெழுதி அடுக்கிய உழைப்பின் பயன்கள்.

1972-ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டில் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக வட்டாரம் தோன்றி, இன்டெல் முதலிய மின்னணு நிறுவனங்கள் அங்குக் காலூன்றின. அதனையொட்டி எழுந்த நகரமே பாயான் பாரு. அதே ஆண்டில் இங்கிலாந்தில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் அம்மையார், பல ஏடுகளில் வரும் சொல்லைவிடச் சில ஏடுகளில் மட்டும் வரும் சொல்லே தேடலுக்கு மிக்க பயன் தரும் என்னும் கருத்தைக் கணக்கில் வடித்துக் காட்டினார். பொருள் ஒருபுறமும் அறிவு மறுபுறமுமாக, இன்றைய தேடலுக்கு வழி பிறந்தது.

1999-இல் டக் கட்டிங் என்பவர் லூசீன் என்னும் மென்பொருள் நூலகத்தை இயற்றினார். 2001-இல் அது அப்பாச்சி அமைப்பினரிடம் சேர்ந்து, யாவரும் விலையின்றிப் பயன்படுத்தும் பொதுச் சொத்தாயிற்று. அது செய்யும் வேலை பழைய துறவிகள் செய்ததே. ஏட்டைச் சொற்களாகப் பிரிக்கும்; சொல்லை வேர்வடிவுக்குக் கொணரும்; அச்சொல் எந்த ஏட்டில் எத்தனை முறை வருகிறதெனப் பதியும். ஒருவர் வினவும்போது ஏடுகள் அனைத்தையும் புரட்டாது அடைவை மட்டும் நோக்கி, பொருத்தம் மிக்கதை முதலில் நிறுத்தும்.

ஆயினும் இயந்திரம் தானாகத் தமிழறியாது. "தோட்டம்" என்று தேடுவோர்க்குத் "தோட்டத்தில்", "தோட்டங்களை" என்பனவும் கிட்ட வேண்டும். அதற்காக வேற்றுமை உருபுகளை நீக்கும் விதிகளை வகுக்க வேண்டும். "வேலை" என்பதன் இறுதி ஐகாரத்தைக் கண்மூடித்தனமாக நீக்கினால், தொழிலாளியின் வேலை முருகனின் வேலாகிவிடும்! "பாலை" என்பது பால்வெட்டுத் தொழிலாளி வாளியில் சேர்த்த பாலையும் குறிக்கும். நீரற்ற நிலத்தையும் குறிக்கும். புணர்ச்சியால் ஒட்டிய சொற்களோ மேலும் தொல்லை தருவன. தொல்காப்பியர் வகுத்த வேற்றுமையும் புணர்ச்சியும் பண்டிதர்க்கு மட்டும் உரியவை என நினைத்தோர், அவை இயந்திரத்திற்கும் வேண்டியவை என்பதை இனியேனும் உணர்வாராக.

எழுத்திலும் சிக்கலுண்டு. பல்வேறு குறியீட்டு முறைகள் வழங்கிய காலத்தில் ஒரு கணினியின் தமிழ் மற்றொன்றுக்கு விளங்கவில்லை. 1991-இல் வெளியான யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றும், அது பரவப் பல்லாண்டுகள் பிடித்தன. "கொ" என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம். கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, இயந்திரத்திற்கோ வெவ்வேறு. அவற்றை ஒன்றாக்கிய பின்னரே அடைவு செய்தல் வேண்டும். 1935-இல் குடி அரசு ஏட்டில் பெரியார் கைக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்றது. அதற்கு முந்திய அச்சின் பழைய வடிவங்களையும் இயந்திரத்திற்குக் கற்பித்தாக வேண்டும்.

இவற்றால் தோட்டத் தமிழர்க்கு என்ன பயன் எனச் சிலர் வினவலாம். பாயான் பாருவுக்குக் கிழக்கே கடலில் தெரியும் ஜெரஜாக் தீவில்தான், கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர் தொற்றுநோய்த் தடைக்காகத் தங்கவைக்கப்பட்டனர். 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் ஒழிந்தது. 1938-இல் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தைத் தடுத்தது. அக்காலத்து மக்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையால், முனுசாமி ஓரிடத்தில் முனிசாமியாகவும், பிறிதோரிடத்தில் மூனசாமியாகவும் மாறிக் கிடப்பார். அவர்கள் குறையும் கோரிக்கையும் வெளியான இடங்களோ தமிழ் ஏடுகள். 1887-இல் தொடங்கிய சிங்கை நேசனும், 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் அத்தகையன. தாத்தா பாட்டியரின் வாழ்வை அறிய விழையும் பேரப்பிள்ளைக்கு, ஆங்கிலப் பதிவேடு ஓர் எண்ணைத் தரும். தமிழேடு ஒரு மனிதரைத் தரும்.

1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றி இலக்கியங்களைத் தட்டெழுதித் தந்தனர். இலக்கியத்திற்குச் செய்ததைத் தோட்டத்து வரலாற்றிற்கும் செய்தல் கூடாதா? சங்கங்களின் ஆண்டறிக்கைகள், பள்ளி மலர்கள், கோயில் விழா அழைப்பிதழ்கள் ஆகியவை கரையானுக்கு இரையாகுமுன் படமெடுத்து, தட்டெழுதி, பிழைதிருத்தி அடைவிற் சேர்த்தல் நம் இளைஞர் கடமை.

ஒன்றை மறத்தலாகாது. அடைவு சொல் இருக்குமிடத்தைக் காட்டுமேயன்றி, அது மெய்யா பொய்யா எனத் தீர்ப்புக் கூறாது. அது பகுத்தறிவின் வேலை. ஆனால் பகுத்தறிவு ஆராய்வதற்கு ஏடு கையில் கிடைக்க வேண்டுமன்றோ? தட்டெழுதாத ஏட்டில் எந்த இயந்திரமும் தேடாது. அதனை எழுதித் தர வேண்டியவர் நாமே.