சுங்கச் சாவடியில் பிறந்த சட்டம்

பொருளியல் பயிலும் மாணவர்கள் சுங்கவரியை ஓர் எண்ணாகவே காணப் பழகியவர்கள். வரி ஏறினால் விலை ஏறும். விலை ஏறினால் இறக்குமதி குறையும். அத்துடன் பாடம் முடிந்துவிடும். ஏற்றுவதில்லை என வாக்களித்திருந்த வரியை ஓர் அரசு ஏற்றிவிட்டால், அதைத் தட்டிக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினா அவர்களுடைய பாடநூல்களில் பெரும்பாலும் எழுவதில்லை. ஐரோப்பியச் சட்டம் என இன்று வழங்கப்பெறும் பெருங்கட்டடமோ இந்த வினாவின் மீதுதான் எழுப்பப்பட்டது.

1957 மார்ச் 25 அன்று பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் ரோம் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. 1958 சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. தம்மிடையிலான வணிகத்தில் புதிய சுங்கவரி விதிப்பதில்லை, இருக்கும் வரியை உயர்த்துவதில்லை என்பது அதன் 12ஆம் விதி. ஒரு நாடு இதை மீறினால் ஆணையமோ மற்றோர் உறுப்பு நாடோ லக்சம்பர்க்கிலுள்ள நீதிமன்றத்தை அணுகலாம் என 169, 170ஆம் விதிகள் கூறின. வணிகன் அணுகலாம் என எந்த விதியும் கூறவில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லிச் செல்ல வேண்டும். அவ்வுடன்படிக்கையின் 227ஆம் விதியில் அல்ஜீரியாவின் பெயரும் இடம்பெற்றிருந்தது. விடுதலைப் போர் மூண்டு மூன்றாண்டுகள் நெருங்கிய வேளையில், அந்நாட்டைத் தன் பகுதியாகவே பிரான்ஸ் எழுதி வைத்தது. பொருள்கள் தடையின்றிச் சென்றுவர வகைசெய்யும் விதிகள் உடனே பொருந்தும் என்று அங்கே கண்டிருந்தது. தொழிலாளர் தடையின்றிச் சென்றுவரும் விதிகள் அந்தப் பட்டியலில் இல்லை. சரக்குக்குத் திறந்த வாயில் மனிதனுக்குத் திறக்கவில்லை. ஐரோப்பிய ஒருங்கிணைவைப் போற்றி எழுதும் நூல்கள் இந்த விதியை விரைந்து கடந்துவிடுவது வியப்பன்று.

இனி வழக்குக்கு வருவோம். வான் கென்ட் அண்டு லோஸ் என்பது நெதர்லாந்தின் சரக்குப் போக்குவரத்து நிறுவனம். 1960 செப்டம்பரில் அது மேற்கு ஜெர்மனியிலிருந்து யூரியா ஃபார்மால்டிஹைடு என்னும் வேதிப்பொருளை இறக்குமதி செய்தது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது இதன் மீதான வரி நூற்றுக்கு 3. இப்போது கேட்கப்பட்டதோ நூற்றுக்கு 8. அரசு வரி விகிதத்தை நேராக உயர்த்தவில்லை. பொருளை அட்டவணையின் வேறொரு தலைப்புக்கு மாற்றியிருந்தது. நிறுவனம் ஆம்ஸ்டர்டாமிலிருந்த சுங்கத் தீர்ப்பாயத்திடம் முறையிட்டது. தீர்ப்பாயம், 177ஆம் விதியின் வழியாக, 12ஆம் விதி தனியாருக்கு உரிமை தருமா என்று லக்சம்பர்க் நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டது.

நெதர்லாந்து, பெல்ஜியம், மேற்கு ஜெர்மனி ஆகிய மூன்று அரசுகள் எதிர்த்து வாதுரைத்தன. உடன்படிக்கை அரசுகளுக்கிடையே ஆனது. குடிமகனுக்கு அதில் இடமில்லை என்பது அவற்றின் நிலைப்பாடு. நீதிமன்றத்துக்குக் கருத்துரை வழங்கிய கார்ல் ரோமரும் அவ்விதி தனியாருக்கு நேரடி உரிமை தராது என்றே கூறினார். பழைய பன்னாட்டுச் சட்ட மரபை நோக்கினால் அவர்கள் பக்கம் நியாயம் இல்லை எனச் சொல்ல முடியாது.

1963 பிப்ரவரி 5 அன்று தீர்ப்பு வந்தது. உடன்படிக்கையின் முன்னுரை அரசுகளை மட்டுமன்றி மக்களையும் குறிப்பிடுகிறது. உறுப்பு நாடுகள் வரையறுக்கப்பட்ட துறைகளில் தம் இறைமையைச் சுருக்கிக்கொண்டு ஒரு புதிய சட்ட ஒழுங்கைப் படைத்துள்ளன. ஆகவே குடிமகன் தன் நாட்டு நீதிமன்றத்திலேயே 12ஆம் விதியைக் காட்டி உரிமை கோரலாம் என்பது அதன் சாரம். தலைப்பை மாற்றியதால் வரி கூடினாலும் அது உயர்வே எனவும் நீதிமன்றம் தெளிவுறுத்தியது. பொருளியல் மாணவர் கருதத்தக்க நுட்பம் ஒன்று இதில் உண்டு. தம் உரிமையில் விழிப்பாயிருக்கும் தனியாரே உடன்படிக்கைக்குச் சிறந்த காவலர் என நீதிபதிகள் கண்டனர். நூற்றுக்கு 5 கூடுதலாகக் கட்ட நேர்ந்தவனைவிட அதைக் கண்காணிக்க வேறு யாருக்கு அக்கறை இருக்கும்?

அடுத்த ஆண்டே இரண்டாம் வினா எழுந்தது. நாட்டுச் சட்டமும் உடன்படிக்கையும் மோதினால் எது நிற்கும்? இத்தாலி 1962இல் மின்துறையை நாட்டுடைமையாக்கியதை எதிர்த்து, ஃபிளாமினியோ கோஸ்டா என்னும் மிலான் வழக்கறிஞர் 1,925 லிரா மின்கட்டணத்தைச் செலுத்த மறுத்தார். அற்பத் தொகை. ஆனால் 1964 சூலை 15 அன்று, பின்னர் இயற்றப்படும் நாட்டுச் சட்டம் பொதுச் சட்டத்தை வெல்லாது எனத் தீர்ப்பானது. இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் இதற்கு இணங்க 1984 வரை காலமெடுத்துக்கொண்டது.

அந்த 177ஆம் விதி இன்று 267ஆம் விதியாக எண் மாறியிருக்கிறது. அதே வழியில்தான் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் மாகாணப் பள்ளிவாசல்களின் வழக்கும் லக்சம்பர்க் சென்றது. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானிக்கெனத் திறக்கப்பட்டுவந்த தற்காலிக அறுப்புக் கூடங்களுக்கு 2015 முதல் இசைவில்லை என ஃபிளாண்டர்ஸ் பகுதி அரசு அறிவித்திருந்தது. மயக்கமூட்டாமல் அறுப்பதற்கு இசைவுபெற்ற அறுப்புக் கூடம் வேண்டும் என்னும் ஐரோப்பிய விதி மதச் சுதந்திரத்துக்கு முரணானதா என்பது கேள்வி. 2018 மே 29 அன்று, முரணில்லை என நீதிமன்றம் விடையளித்தது. கூடங்களின் போதாமை உள்ளூர்ச் சிக்கல். அதனால் பொதுவிதி செல்லாததாகிவிடாது என்றது. 1963இல் வேதிப்பொருள் வணிகனுக்குத் திறந்த கதவு பள்ளிவாசல்களுக்கும் திறந்தது. அவர்கள் கேட்டது மட்டும் கிடைக்கவில்லை.