மூட்டம் படிந்த தட்டுக்கள்

கண்ணாடித் தட்டிலும் பெரிய பிலிம் தாளிலும் படம் பிடித்த காலத்திலே, நிழற்படக்காரன் கள்வனுக்கு அஞ்சியதிலும் பார்க்க ஒளிக்கே அதிகம் அஞ்சினான். ஒளியின்றிப் படமில்லை. ஆயினும் வில்லையின் வழியன்றி வேறு வழியாக உள்ளே புகுந்த ஒளி, நாள் முழுவதும் அலைந்து பிடித்த படத்தைக் கருமூட்டத்தால் மறைத்துவிடும். கமராவின் தோல் துருத்தி மடிந்து விரிந்து தேயும்போது, அதன் மூலைகளில் ஊசிமுனையளவு துவாரங்கள் தோன்றும். அத்தகைய துவாரம் ஒன்றே போதும்.

இக்கசிவைக் கண்டுபிடிக்கும் முறை எளிமையானது, பொறுமைதான் வேண்டும். இருட்டறையிலே துருத்தியினுள் விளக்கொன்றை வைத்து வெளியே நின்று பார்த்தால், துவாரங்கள் விண்மீன்கள் போலத் தெரியும். எந்தக் கூட்டில் தட்டை வைத்தாலும் மூட்டம் ஒரே இடத்தில் விழுமாயின், குற்றம் கமராவினுடையது. ஒரு கூட்டில் வைத்த தட்டுக்கள் மட்டும் பழுதாயின், கூட்டின் இழுமூடி செல்லும் வாயிலைச் சோதிக்க வேண்டும். கமராவையே காணாத புதுத் தட்டொன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கழுவும்போது அதிலும் மூட்டம் இருந்தால், பழி பெட்டியைச் சாரும். பெரும்பாலோர் இவ்விடத்தில் நின்றுவிடுவர். பெட்டியைத் திருப்பியனுப்பி வேறு பெட்டி வாங்குவர். அங்கே நின்றுவிடாது மேலும் கேட்டவர் சிலரே.

1857ஆம் ஆண்டளவில் பிரான்சு தேசத்து நியெப்ஸ் த சேன் விக்தோர் என்பவர், யுரேனிய உப்புக்கள் இருளிலும் நிழற்படத் தாளைக் கருக்கச் செய்வதைக் கண்டார். முன்னர் உறிஞ்சப்பட்ட ஒளியே வெளிப்படுகின்றது என்று அவர் அதற்குக் காரணம் கூறினார். 1890ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரிலே, பேராசிரியர் குட்ஸ்பீட், ஜெனிங்ஸ் என்னும் நிழற்படக்காரருடன் மின்பொறிகளைப் படம் பிடித்தார். பின்னர் வெற்றிடக் குழாய்களை இயக்கிக் காட்டினார். அருகே, உறையிட்ட தட்டுக்களின்மேல் நாணயங்கள் கிடந்தன. கழுவிய தட்டொன்றில் வட்ட நிழல் தோன்றியது. காரணம் விளங்காமையால் தட்டை ஒதுக்கி வைத்தனர். 1895இல் ஜேர்மனியில் றொன்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த செய்தி பரவிய பின்னரே, தம் கையில் இருந்தது யாது என்பது அவர்களுக்குப் புலனாயிற்று. கண்டுபிடிப்பின் பெருமையை குட்ஸ்பீட் தமக்கென உரிமை கோரவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

அச்செய்தி பாரிஸ் நகரிலே ஹென்றி பெக்கரல் என்னும் அறிஞரையும் தூண்டியது. ஒளிர்கின்ற பொருள்கள் யாவும் இத்தகைய கதிரை வீசுமோ என்று அவர் ஐயுற்றார். கருந்தாள் இரண்டினால் தட்டைச் சுற்றி, அதன்மேல் யுரேனிய உப்பை வைத்து வெயிலில் விட்டார். தட்டில் உப்பின் உருவம் பதிந்தது. வெயிலே அதற்குக் காரணம் என்று 1896 பெப்ரவரி 24ஆம் நாள் விஞ்ஞானக் கழகத்துக்கு அறிவித்தார். அந்த வாரம் மீண்டும் சோதிக்க முயன்றபோது வானம் மூடிக் கிடந்தது. ஆயத்தம் செய்த தட்டுக்களை உப்புடன் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். மார்ச் முதலாம் நாள் அவற்றைக் கழுவினார். மங்கிய உருவத்தையே எதிர்பார்த்தவர், மிகவும் கரிய உருவத்தைக் கண்டார். இழுப்பறையில் ஒளி புகுந்தது என்று எண்ணித் தட்டுக்களை எறிந்திருக்கலாம். ஆனால் மூட்டத்துக்கு ஒரு வடிவம் இருந்தது. உப்பிருந்த இடத்தில் கருமையும், இடையே வைத்த செப்புச் சிலுவையின் நிழலும் தெளிவாக நின்றன. கசிந்த ஒளி அவ்வாறு எழுதாது. இரண்டே ஆண்டுகளில் மேரி கியூரி இத்தன்மைக்குக் கதிர்த்தொழிற்பாடு என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1945ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்க கோடக் கம்பனிக்கு முறைப்பாடுகள் வந்தன. எக்ஸ் கதிர்ப் படத்துக்கான பிலிம் தாள்களிலே, பயன்படுத்து முன்னரே, கரும்புள்ளிகள் காணப்பட்டன. அக்கம்பனியின் விஞ்ஞானி ஜூலியன் வெப் இதனை ஆராய்ந்தார். போர்க்காலத்தில், ஒளிரும் சாயத்திலுள்ள ரேடியம் கலந்த பழங்கடதாசி அட்டையால் பிலிம் கெட்ட அனுபவம் கம்பனிக்கு உண்டு. ஆயின் இம்முறை கண்ட கதிர் ரேடியத்தினது அன்று. அதன் வலிமை ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்தது. அது சீரியம் 141 என்று வெப் முடிவு செய்தார். பிலிம் தாள்களுக்கு இடையே வைத்த வைக்கோல் அட்டை, இந்தியானா மாநிலத்து வின்சென்ஸ் நகர ஆலையிலே 1945 ஓகஸ்ட் 6ஆம் நாள் செய்யப்பட்டது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்ததும் அதே நாள்தான். ஆனால் தூசு அங்கிருந்து வந்ததன்று. யூலை 16ஆம் நாள் நியூ மெக்சிக்கோப் பாலைவனத்தில் இரகசியமாக வெடித்த முதல் அணுகுண்டின் தூசு ஆயிரம் மைலுக்கு அப்பால் பறந்து, மழையோடு இறங்கி, ஆலை நீரெடுத்த ஆற்றில் கலந்து, அட்டையில் ஒட்டியிருந்தது. வெப் தம் ஆய்வை 1949இல் வெளியிட்டார்.

1951 ஜனவரியில் நெவாடாவில் அணுகுண்டுச் சோதனைகள் தொடங்கின. சில நாட்களில், 1,500 மைலுக்கும் அப்பாலுள்ள றொச்செஸ்ரர் நகரிலே, கோடக் கம்பனியின் கருவிகள் பெய்த பனியிற் கதிர்வீச்சு வழமையிலும் 25 மடங்கு இருப்பதைக் காட்டின. படப்பொருள் உற்பத்தியாளர் அணுசக்தி ஆணைக்குழுவிடம் முறையிட்டனர். சோதனைகளைப் பற்றியும் தூசு செல்லக்கூடிய திசையைப் பற்றியும் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க ஆணைக்குழு இணங்கியது. பிலிம் காப்பாற்றப்பட்டது.

அதே தூசில் அயடீன் 131 இருந்தது. அது புல்லில் விழுந்து, பசுவின் பாலிலே கலந்து, பால் குடித்த குழந்தைகளின் கழுத்துச் சுரப்பியில் தங்கியது. பண்ணைக்காரருக்கும் தாய்மாருக்கும் அத்தகைய முன்னறிவித்தல் எதுவும் செல்லவில்லை. 1997ஆம் ஆண்டு அமெரிக்க செனற் சபையின் விசாரணையிலே இந்த வேறுபாடு பகிரங்கமாக எடுத்துரைக்கப்பட்டபோது, அக்குழந்தைகள் நடுவயதை அடைந்திருந்தனர்.