ஏரி விட்டுச்சென்ற மண்: காஷ்மீரத்துக் கரேவா நிலங்கள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

காஷ்மீரத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் மன்னர்களையும் கோயில்களையும் சைவ மெய்ப்பொருளியலையுமே முதன்மைப்படுத்துவர். அவற்றையெல்லாம் தாங்கி நின்ற மண்ணைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. மண் என்பது நிலவியலாருக்கும் வேளாண்மைத் துறையினருக்கும் உரிய பொருள் என நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் காஷ்மீரத்தைப் பொறுத்தவரை இப்பிரிவினை பொருந்தாது. அங்கே 'கரேவா' என வழங்கும் மேட்டுநில மண்ணின் இயல்பை அறியாமல், அம்மக்கள் எங்கே குடியேறினர், எதைப் பயிரிட்டனர், எதற்காகத் தவித்தனர் என்பவற்றை விளங்கிக்கொள்ள இயலாது. அம்மண்ணை வரலாற்றுச் சான்றாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண் உருவான விதம்

காஷ்மீரப் பள்ளத்தாக்கின் தென்மேற்கே பீர் பஞ்சால் மலைத்தொடரும் வடகிழக்கே பெருஇமயத் தொடரும் அமைந்துள்ளன. ஏறத்தாழ 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் பீர் பஞ்சால் உயரத் தொடங்கியபோது, பள்ளத்தாக்கின் நீர் வெளியேறும் வழி அடைபட்டு ஒரு பேரேரி தோன்றியது. சுற்றியிருந்த மலைகளிலிருந்து ஆறுகள் கொணர்ந்த சரளையும் மணலும் வண்டலும் களியும் அந்த ஏரியில் அடுக்கடுக்காகப் படிந்தன. இப்படிவுகளின் மொத்தக் கனம் ஏறத்தாழ 1,300 மீட்டர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. பின்னர் பாராமுல்லா மலையிடுக்கின் வழியே ஜீலம் ஆறு வெளியேற, ஏரி வடிந்தது. எஞ்சிய ஏரித்தளத்தை ஆறுகள் அறுத்துச் சென்றதால் அது தட்டையான மேடுகளாகப் பிரிந்து நின்றது. இம்மேடுகளை உள்ளூர் மக்கள் 'உடர்' என்பர். 'கரேவா' என்னும் பெயரை நிலவியல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் காட்வின்-ஆஸ்டின், ஆண்டு 1859.

இங்கே ஒரு திருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். கரேவா மண் முழுவதும் ஏரிப் படிவே எனப் பொதுவாக எழுதப்படுவதுண்டு. அது முழு உண்மையன்று. ஏரிப் படிவுகளின் மேல், காற்று சுமந்துவந்த நுண்துகள்கள் போர்வைபோல் படிந்துள்ளன. லோயஸ் எனப்படும் இப்படிவு பீர் பஞ்சால் பக்கம் தடித்தும் இமயப் பக்கம் மெலிந்தும் காணப்படுகிறது. ஆகவே உழவன் கலப்பை கீறும் மேல்மண், பல இடங்களில், நீரும் காற்றும் சேர்ந்து தந்த மண்ணாகும்.

இதன் தன்மை வண்டல் மிகுந்தது. மணலைப் போல் உதிர்வதுமில்லை. கெட்டிக் களியைப் போல் வெடித்து இறுகுவதுமில்லை. சுண்ணாம்புச் சத்து உடையது. ஈரத்தை ஓரளவு பிடித்துவைக்கும். உலர்ந்த நிலையில் செங்குத்தாக வெட்டினாலும் சுவர்போல் சரியாமல் நிற்கும். எனினும் மழை வெள்ளம் பாய்ந்தால் எளிதில் கரைந்து ஓடும். மேடுகளின் ஓரங்களில் காணப்படும் ஆழ்ந்த ஓடைகள் அவ்வாறு அமைந்தவையே. எளிதில் தோண்டக்கூடியது என்னும் இவ்வொரு பண்பு இம்மண்ணின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் வெளிப்படுவதைப் பின்னர்க் காண்போம்.

புராணமும் ஏரியும்

பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது என்னும் செய்தி நீலமத புராணத்திலும் இடம்பெறுகிறது. சதீசரஸ் என்னும் அவ்வேரியில் வாழ்ந்த ஜலோத்பவன் என்ற அசுரனை அழிக்க, திருமாலின் ஆணைப்படி அனந்தன் கலப்பையால் மலையைப் பிளந்து நீரை வெளியேற்றினான் என்பது கதை. 1665-இல் ஔரங்கசீப்பின் பரிவாரத்துடன் காஷ்மீரம் சென்ற பிரெஞ்சு மருத்துவர் பெர்னியரும் இக்கதையைக் கேட்டறிந்தார். மலை பிளந்ததற்கு நிலநடுக்கம் காரணமாகலாம் என அவர் கருதினார்.

இக்கதையை ஏரி வடிந்ததைக் கண்டவர்களின் நினைவாகக் கொள்வாரும் உளர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. பேரேரி மறைந்தது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, புராணமோ கி.பி. முதல் ஆயிரமாண்டுக்கு உரியது. மேட்டு ஓரங்களில் தெரியும் படிவ அடுக்குகளையும், ஒரே ஓர் இடுக்கின் வழியே வெளியேறும் ஆற்றையும், அடிக்கடி நேரும் வெள்ளத்தையும் கண்ட அறிவுடையோர் செய்த ஊகமே கதையாக வளர்ந்திருத்தல் கூடும். நினைவு என்பதைவிட இதுவே அவர்களுக்குப் பெருமை தருவது எனலாம்.

மண்ணை அறிந்த மக்கள்

ஸ்ரீநகருக்கு அருகே ஒரு கரேவா மேட்டின் மீது அமைந்தது புர்ஸஹோம். 1960 தொடங்கி இந்தியத் தொல்லியல் துறை அங்கு நடத்திய அகழாய்வில் புதிய கற்கால மக்களின் குழிவீடுகள் வெளிப்பட்டன. கி.மு. 3000 அளவில் தொடங்கும் அக்குடியிருப்பின் குழிகள் வாய் குறுகி அடி விரிந்தவை. பெரியதொன்றின் ஆழம் 4 மீட்டரை நெருங்குகிறது. கற்கருவிகளைக் கொண்டே அவ்வாறு குடைய முடிந்ததற்கும், குடைந்த சுவர் சரியாமல் நின்றதற்கும் இவ்வண்டல் மண்ணே காரணம்.

இம்மேடுகளின் குறை நீரின்மை. ஆறு கீழே ஓட, மேடு மேலே வறண்டு கிடக்கும். கல்ஹணர் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய இராஜதரங்கிணியில் தாமோதரன் என்னும் மன்னன் கதை வருகிறது. மேட்டின் மீது நகரமைத்து, அதற்கு நீர் கொணரப் பேரணை கட்டிய அவன், பசித்து வந்த அந்தணரின் சாபத்தால் பாம்பாகி, அம்மேட்டில் நீரைத் தேடி அலைகிறானாம். அந்தத் தாமோதர உடரின் மீதுதான் இன்று ஸ்ரீநகர் விமான நிலையம் உள்ளது.

அதே நூலில் நம் கருத்தை மிகவும் ஈர்ப்பது சுய்யன் என்பவனைப் பற்றிய பகுதி. அவந்திவர்மன் (கி.பி. 855–883) காலத்தில், வெள்ளத்தாலும் பஞ்சத்தாலும் நாடு நலிந்தபோது, ஆற்றை அடைத்துக் கிடந்த பாறைகளை அகற்ற அவன் ஒரு வழி கண்டான். பொற்காசுகளை நீரில் வீசினான். பசித்த மக்கள் காசு தேடிப் பாறைகளைப் புரட்டி எடுத்தனர். இந்நிகழ்ச்சி பலராலும் எடுத்துரைக்கப்படுவது. அதற்குப் பின் வரும் செய்தியைப் பலரும் கவனிப்பதில்லை. சுய்யன் ஒவ்வோர் ஊரிலிருந்தும் மண்ணை வரவழைத்து, அதை நனைத்து, உலர எத்தனை காலம் ஆகிறது எனப் பார்த்து, அதற்கேற்ப அவ்வூருக்குரிய பாசன நீரை வகுத்தான் என்கிறார் கல்ஹணர். மண்ணின் நீர்ப்பிடிப்புத் திறனை ஒப்பிட்டு அளந்த செயல் அன்றி இது வேறென்ன? 200 தீனாரம் விற்ற ஒரு காரி நெல், பின்னர் 36 தீனாரத்திற்கு இறங்கியது என்பதும் அந்நூல் தரும் கணக்கே.

குங்குமப்பூ

குங்குமப்பூவுக்கு இவ்வறட்சியே வாய்ப்பானது. தமிழர்களாகிய நாம் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து செய்யும் சிவந்த பொடியைக் குங்குமம் என்கிறோம். வடமொழியில் அச்சொல்லுக்குரிய பொருள் இப்பூவே. வேர்ப்பகுதியில் நீர் தங்கினால் அதன் கிழங்கு அழுகிவிடும். முற்றிலும் வறண்டாலோ மொட்டு விடாது. நீரை வடித்தும் சிறிது ஈரத்தைக் காத்தும் நிற்கும் மண் அதற்குத் தேவை. பழைய நூல்களில் பத்மபுரம் எனப்படும் பாம்பூரின் கரேவா மேடு அத்தகையது. உழவர் மண்ணைச் சதுரப் பாத்திகளாக உயர்த்தி, நான்கு புறமும் வடிகால் வெட்டி, மழையை நம்பியே பயிரிட்டு வந்துள்ளனர். விதை உண்டாகாத இச்செடி கிழங்கினாலேயே பெருகும். ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஊதாப் பூக்களைக் கையால் பறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று சிவந்த சூல்முடி இழைகளைப் பிரித்தெடுப்பர். காஷ்மீரத்தின் அருஞ்செல்வங்களுள் ஒன்றாகக் கல்ஹணர் குங்குமப்பூவைக் குறிப்பிடுகிறார். அக்பரின் ஆட்சி நிலையை விரிக்கும் அபுல் ஃபஸலின் அயினி அக்பரியிலும் பாம்பூர் வயல்கள் இடம்பெறுகின்றன.

மண் அகழப்படும் காலம்

1996–97-இல் 5,707 ஹெக்டேராக இருந்த குங்குமப்பூ நிலம், 2010 அளவில் 3,715 ஹெக்டேராகச் சுருங்கியது. அவ்வாண்டு இந்திய அரசு தேசியக் குங்குமப்பூ இயக்கத்தைத் தொடங்கியது. 2020-இல் காஷ்மீரக் குங்குமப்பூவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விளைபொருளின் பெயர் இவ்வாறு காக்கப்பட்டது. மண்ணின் நிலை வேறு. 1995-க்கும் 2005-க்கும் இடையில் காசிகுண்ட்–பாராமுல்லா இருப்புப்பாதைக்கு மண்கரை அமைப்பதற்காகப் புல்வாமா, பட்காம், பாராமுல்லா மாவட்டங்களில் கரேவா மேடுகள் பல தரைமட்டமாக்கப்பட்டன. செங்கற் சூளைகளும் வீட்டு மனைகளும் வேறு. புர்ஸஹோம் மக்கள் கற்கருவியால் குடைய முடிந்த அதே மென்மைதான் மண்வெட்டி எந்திரங்களுக்கும் வழிவிட்டது.

இருப்புப்பாதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குளிர்காலத்தில் பனியால் துண்டிக்கப்படும் மக்களுக்கு அதன் அருமை தெரியும். ஆயினும் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற குட்டைகளைக் கண்டு வளர்ந்த நமக்கு, அகழ்ந்த நிலம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்பதை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கரேவாவில் இழப்பு இரட்டிப்பாகும். விளைநிலத்துடன் அது காத்துவைத்த சான்றுகளும் போய்விடுகின்றன. 2000-ஆம் ஆண்டில் பாம்பூருக்கு அருகே, இப்படிவுகளுக்குள் ஒரு பேரியானையின் எலும்புகளும் அவற்றுடன் 87 கற்கருவிகளும் கிடைத்தன. அவை 3 முதல் 4 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்றும், எலும்பின் உட்சோற்றுக்காக ஆதிமனிதர் அவற்றை உடைத்திருக்கலாம் என்றும் விளக்கும் ஆய்வுகள் 2024-இல்தான் வெளிவந்தன. கண்டெடுத்த எலும்பை மண் சொன்ன காலத்தோடு பொருத்திப் பார்க்க 24 ஆண்டுகள் பிடித்தன. அதே காலத்தில்தான் பட்காமின் மேடுகள் மண்கரைகளாயின.