வாசனை போன எண்ணெய்

1981 மே 1. மாட்ரிட்டுக்குக் கிழக்கே இருக்கிற டொரெஹோன் தே ஆர்தோஸ் என்ற ஊரில் எட்டு வயதுப் பையன் ஒருவன் மூச்சுத்திணறி இறந்துபோனான். அதே வீட்டில் மற்றவர்களுக்கும் காய்ச்சல், இருமல். அடுத்த சில நாட்களில் மாட்ரிட்டைச் சுற்றியிருந்த தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். நுரையீரலில் நீர், தோலில் தடிப்பு, ரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் எக்கச்சக்கம். டாக்டர்கள் இதை வழக்கமில்லாத ஒருவகை நிமோனியா என்று எடுத்துக்கொண்டு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். கேட்கவில்லை.

ஸ்பெயினுக்கு அது நல்ல நேரமில்லை. பிராங்கோ இறந்து ஆறு வருஷம்கூட ஆகவில்லை. அந்த பிப்ரவரியில்தான் ஆயுதம் தாங்கியவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து ஆட்சியைப் பிடிக்கப் பார்த்திருந்தார்கள். இப்போது பெயர் தெரியாத ஒரு நோய். சுகாதாரத்துறை அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி, இது ரொம்பச் சின்னக் கிருமி, மேசையிலிருந்து விழுந்தால் செத்துவிடும் என்கிற மாதிரி பேசினார். அந்தப் பேச்சை ஸ்பெயின்காரர்கள் இன்றுவரை மறக்கவில்லை.

ஆனால் கிருமி என்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்ற வேண்டும். இது வீட்டுக்குள்ளேயே நின்றது. மாட்ரிட்டின் நின்யோ ஹெசூஸ் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த டாக்டர் ஹுவான் மனுவேல் தபுவென்கா ஒரு எளிய வேலை செய்தார். பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டார். எல்லோருடைய பதிலிலும் ஒரே பொருள் வந்தது. தெருவில் கொண்டுவந்து விற்ற, லேபிள் இல்லாத, ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் எண்ணெய். ஜூன் 10 இரவு தொலைக்காட்சியில் எச்சரிக்கை வந்தது. அந்த மாதக் கடைசியில், வீட்டிலிருக்கும் எண்ணெயைக் கொடுத்துவிட்டு ஆலிவ் எண்ணெய் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. பலர் கையில் கிடைத்த எந்த எண்ணெயையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எது யார் வீட்டு எண்ணெய் என்ற கணக்கு குழம்பியது. பின்னாளில் ஆய்வுக்குத் தேவைப்பட்ட தடயத்தில் பாதி அங்கேயே போனது.

சரி, அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? பிரான்ஸிலிருந்து. ரேப்சீட் எண்ணெய். நம்ம கடுகுக்கு நெருங்கிய சொந்தக்காரச் செடி அது. உள்நாட்டு ஆலிவ் விவசாயத்தைக் காப்பாற்ற, ரேப்சீட் எண்ணெயைச் சமையலுக்கு இறக்குமதி செய்வதை ஸ்பெயின் கட்டுப்படுத்தியிருந்தது. ஆலைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரலாம். அப்படிக் கொண்டுவருவதை யாரும் சமையலுக்குத் திருப்பிவிடக் கூடாது என்பதற்காக, சாயத் தொழிலில் புழங்கும் அனிலின் என்ற ரசாயனத்தை அதில் 2 சதவீதம் கலந்தார்கள். சாப்பிட முடியாதபடி கெடுத்துவிடுகிற ஏற்பாடு, அவ்வளவுதான்.

ஆலிவ் எண்ணெய் விலை ஒருபக்கம், இந்த எண்ணெய் விலை ஒருபக்கம். இடைவெளியில் காசு இருந்தது. வியாபாரிகள் அனிலினை எடுத்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் போனது. காரம் சேர்த்து அமிலத்தை எடுப்பது, களிமண்ணால் நிறத்தை எடுப்பது, கடைசியாக வெற்றிடத்தில், 200 டிகிரிக்கு மேல், நீராவி விட்டு வாசனையை எடுப்பது. அனிலினில் பெரும்பகுதி போனது. ஆனால் அந்தச் சூட்டில் மிச்சமிருந்த அனிலின் எண்ணெயோடு வினைபுரிந்து, அதற்கு முன்பு அதில் இல்லாத சேர்மங்களை உண்டாக்கியது. அவற்றில் விஞ்ஞானிகள் அதிகம் சந்தேகிப்பது பிஏபி எஸ்டர்கள் என்ற குடும்பத்தை. கெட்ட எண்ணெயை நல்லதாக்கும் வேலையிலேயே விஷம் பிறந்தது. நிறமில்லை, நாற்றமில்லை. சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

ஏறக்குறைய 20,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். முதல் சில ஆண்டுகளிலேயே 300 பேருக்கு மேல் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்குத் தசை இளைத்தது, தோல் இறுகியது, கைகால் நரம்புகள் செத்தன. 1987-இல் விசாரணை தொடங்கியது. எதிர்த்தரப்புக்கு வலுவான ஒரு வாதம் இருந்தது. எந்த விலங்குக்கு அந்த எண்ணெயைக் கொடுத்தும் அதே நோயை வரவழைக்க முடியவில்லை. தக்காளியில் அடித்த பூச்சிமருந்துதான் காரணம் என்றும் ஒரு கூட்டம் சொன்னது. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிய ரிச்சர்ட் டால் தரவுகளை ஆராய்ந்து, எண்ணெயே காரணம் என்று சாட்சி சொன்னார். 1989-இல் நீதிமன்றமும் அதையே ஏற்றது. 1997-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுக்கு அரசையும் பொறுப்பாக்கியது. முதல் மரணத்துக்குப் பிறகு பதினாறு ஆண்டுகள்.

இது திருட்டு வியாபாரத்தின் கதை, சட்டப்படி விற்கும் எண்ணெயில் இந்தச் சிக்கல் இல்லை என்று முடித்துக்கொள்ளலாம். பாதி உண்மைதான். பிஏபி-யின் கட்டமைப்பில் அனிலின் துண்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு குளோரின் அணுவை வைத்தால் 3-எம்சிபிடி வரும். அதன் எஸ்டர்களும், அதோடு கிளைசிடில் எஸ்டர்களும், இன்று முறையாகச் சுத்திகரிக்கிற எண்ணெய்களிலேயே, அதே வாசனை நீக்கும் கட்டத்தில் உருவாகின்றன. பாமாயிலில்தான் அதிகம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் சொன்னது. நம்ம ரேஷன் கடையில் தருவதும் பாமாயில்தான். கிளைசிடில் எஸ்டரிலிருந்து உடலில் வெளிப்படும் கிளைசிடால், மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் 2000-லேயே சேர்க்கப்பட்டது. ஐரோப்பா 2018-இல்தான் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. ஸ்பெயின் எண்ணெய் வாரக்கணக்கில் ஆளைக் கொன்றது. இது நீண்டகாலப் பயன்பாட்டில் சேரும் ஆபத்து. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. சூட்டைக் குறைத்து, மூலப்பொருளைக் கழுவி, இதைப் பெருமளவு தவிர்க்கவும் முடியும்.

அதற்காக, செக்கு எண்ணெய்க்குத் திரும்பினால் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. பூஞ்சை பிடித்த கடலையை ஆட்டினால் அஃப்ளடாக்ஸின் எண்ணெயோடு வரும். அதை நீக்குவது சுத்திகரிப்புதான். ‘சுத்தம்’ என்று லேபிளில் போட்டிருந்தால், எதை எடுத்தார்கள் என்பதோடு, எடுக்கும்போது என்ன உண்டானது, அதை யார் அளந்தார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. மாட்ரிட்டின் தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வழியில்லை. அவர்களுக்குத் தெரிந்தது விலை மட்டும்.

2021 அக்டோபரில், நாற்பது வருஷம் கழித்து, பாதிக்கப்பட்டவர்களில் சிலர் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்துக்குள் போய், வெலாஸ்கஸின் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்துக்கு முன்னால் பதாகையோடு நின்றார்கள். அரசு தங்களைக் கைவிட்டுவிட்டது என்றார்கள். போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. அவர்களுடைய அமைப்பின் பெயர், நாங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம்.